பரணில் இருக்கும் பொக்கிஷம்

சகோதரிகளே, வாராவாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த புத்தகம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா? சின்னசேலமானாலும் சென்னையானாலும், அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! 1950-ல் 'கல்கி'யில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை மணியத்தின் சித்திரங்களோடு பல குடும்பங்கள் அப்படித்தான் காப்பாற்றி வைத்தன.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், புத்தகங்களோடு பழைய பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கல்யாண அழைப்பிதழ்களைக்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமானார். அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. வீட்டுப் புத்தகங்களுக்கு எத்தனை மதிப்பு, பார்த்தீர்களா?

சேர்த்தால் மட்டும் போதுமா? தேடினால் கிடைக்க வேண்டாமா? சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. வீட்டு அலமாரிக்கும் அது பொருந்தும். குழந்தைகளின் புத்தகங்கள் அவர்கள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் இருக்கட்டும். சமையல், வைத்தியப் புத்தகங்கள் நடுத்தட்டில். பைண்டு புத்தகங்களின் முதுகில் கதையின் பெயரையும் வருஷத்தையும் எழுதி ஒட்டுங்கள். இடையிடையே உலர்ந்த வேப்பிலை வையுங்கள். இரவல் கொடுத்தால், பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டு மாமியானாலும் சரிதான்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்களேன்!