ஏழு கேள்விகள்

எமது அம்மான் ஒருவர் படுவான்கரையிலே வேளாண்மை செய்கிறார். எழுபது வயதைக் கடந்த பின்னரும் காவலுக்காக வயல்வாடியிற் படுக்கும் வழக்கத்தை அவர் விட்டாரல்லர். இரவில் நாலைந்து தரம் எழுந்து வெளியே செல்வார். கேட்டால், "யானை வருகுதா எண்டு பாக்கத்தான்" என்பார். யானைத் தொல்லை மிகுந்த பகுதியாகையால் வீட்டார் நம்பினர், நாமும் நம்பினோம்.

ஒருநாள் வைகறையில் அவருக்குச் சலம் முற்றாக அடைபட்டது. அடிவயிறு பானைபோலப் பொருமிவிட்டது. மண்முனைப் பாலத்தின் வழியாக விரைந்து நகருக்குக் கொண்டு வந்தோம். 2014இல் அப்பாலம் திறக்கப்படுமுன்னராயின், பாதை வருமட்டும் கரையிலே காத்திருக்க நேர்ந்திருக்கும். (பாதையென்பது வாவியைக் கடக்கும் மிதவை என்பதை வெளியூர் வாசகர் அறிக.)

வைத்தியசாலையில் ஒரு றப்பர்க் குழாயைச் செலுத்திச் சில நிமிடங்களில் துன்பத்தை நீக்கினார்கள். அதன் நுனியிலுள்ள சிறு பலூனை உள்ளே சென்றபின் நீரால் நிரப்புவர். அதனாற் குழாய் வழுவி வராது. 1930களில் ஃபோலி என்னும் அமெரிக்க வைத்தியர் ஆக்கித் தந்த இச்சிறு உபாயத்திற்கு எத்தனை முதியோர் கடன்பட்டிருக்கின்றனரோ!

சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் சலவழியைச் சூழ்ந்திருப்பது புரஸ்ரேற் சுரப்பி. எமது பாடநூல்கள் அதனை முன்னிற்குஞ் சுரப்பி என்னும். இளமையில் ஏறக்குறைய 20 கிராம் நிறையுள்ள இச்சுரப்பி, ஐம்பதைக் கடந்த ஆடவர் பலருக்குப் பருத்து, நடுவே செல்லும் வழியை நெருக்குகிறது. இப்பருமன் புற்றுநோயன்று. ஆயினும் தேங்கிய சலம் பின்னோக்கி அழுத்துமாயின் சிறுநீரகங்கள் பழுதுறும். அம்மானுக்கு அப்பழுது தொடங்கியிருந்தது. இன்னுஞ் சில மாதம் யானையைச் சாட்டியிருந்தால், மீட்க முடியாது போயிருக்கும் என்று வைத்தியர் எம்மிடம் தனியாகச் சொன்னார்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீட மாணவர், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே நோயாளரைக் கண்டு பயில்கின்றனர். நாடெங்குமிருந்து வருவோராகையால், தமிழை வாட்டிலேயே கற்பவரும் அவர்களுள் உளர். மறுநாட் காலையில் அம்மானின் கட்டிலருகே வந்து நின்ற மாணவி சிங்களப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் மனனஞ் செய்து வந்ததை ஒப்புவித்தார்: "தங்களுக்குச் சிறுநீர் கழித்தலில் இடர்ப்பாடு உண்டா?"

அம்மான் கூரையைப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை" என்றார். இடையிலே குழாயைத் தாங்கியிருப்பவர் சொன்ன விடை இது!

ஆசிரியரான சத்திரசிகிச்சை நிபுணர் சிரிக்கவில்லை. அவரை வினவச் சில மாணவர் வந்துள்ளனர், விருப்பமில்லையேல் மறுக்கலாம், மறுப்பதாற் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதை முதலில் எடுத்துரைத்தார். "படிக்கிற பிள்ளையள்தானே" என்று அம்மான் இசைந்தார். பின்னர் வைத்தியர் கட்டில் விளிம்பில் அமர்ந்து, "ஐயா, ராவைக்கு எத்தினை தரம் சலத்துக்கு எழும்புவீங்க?" என்று மெல்லக் கேட்டார். அம்மானின் முகம் இளகிற்று. யானைக் கதையின் உண்மை அப்போதுதான் வெளிவந்தது.

அவ்வினா ஏழு வினாக்களைக் கொண்ட ஓர் அட்டவணையில் உள்ளது. 1992இல் அமெரிக்கச் சிறுநீரியற் சங்கத்தார் வகுத்த அதுவே இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் சுழியம் முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 35. ஏழுவரை இலேசு, இருபது முதற் கடுமை. இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் போக நேர்கிறதா என்பது ஒரு வினா. அம்மானிடம் கைக்கடிகாரம் இல்லை. "மூண்டு சுருட்டு முடியிறத்துக்குள்ள" என்றார். மாணவி அதனை மணிக்கணக்காக்கப் பட்ட பாட்டைக் கண்டு அயற்கட்டிற்காரரும் நகைத்தனர். முடிவில் 27 என எழுதினார்.

சுருட்டுக் கணக்கில் என்ன ஆராய்ச்சி என்று வாசகர் எண்ணலாம். ஒரு குளிசை பயன் தருகிறதா என்பதை அறிய, உண்பதற்கு முன்னும் பின்னும் இப்புள்ளிகளையே ஒப்பிடுகின்றனர். நோயாளர் நாணி "இல்லை" என்றால் அந்தப் பிழை கணக்கிலும் ஏறிவிடும். ஓர் ஊராரை நேரிற் சென்று கண்டறிந்ததிலிருந்தே ஒரு மருந்து பிறந்ததும் உண்டு. டொமினிக்கன் குடியரசின் கிராமமொன்றில், ஆண் ஓமோனை வலிய வடிவமாக மாற்றும் நொதியம் பிறவியிலேயே குறைந்தோர் சிலர் இருந்தனர். வளர்ந்த பின்னரும் அவர்களின் புரஸ்ரேற் சிறிதாகவே இருந்தது. 1974இல் இச்செய்தி வெளியாயிற்று. அந்நொதியத்தைத் தடுக்கும் ஃபினாஸ்ரரைட் 1992இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது.

வைத்தியக் கல்வி ஐந்தாண்டு. உள்ளகப் பயிற்சி ஓராண்டு. நிபுணராக விரும்புவோர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தை நாடிப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். இவ்வளவு படிப்பினுள்ளும் "சலம்" என்ற சொல்லைக் கற்பிக்கும் இடம் வாட்டைத் தவிர வேறில்லை என நினைக்கிறோம். மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கிய சாமுவேல் கிறீன், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டதன் நியாயம் அன்று எமக்கு நன்றாக விளங்கிற்று.

அம்மானுக்கு வயிற்றைக் கீறவில்லை. சலவழியாகவே நோக்குகருவியைச் செலுத்தி, மின்னோட்டம் பாயுங் கம்பி வளையத்தாற் பருத்த பகுதியைச் சீவி எடுத்தனர். ஆறு வாரங் கழித்துக் கிளினிக்குக்குச் சென்றபோது அதே மாணவி இருந்தார். "அப்பா, சலம் சுகமாப் போகுதா?" என்றார். இம்முறை ஆறு புள்ளிகளே வந்தன.

அம்மான் இப்போதும் வாடியிற்றான் படுக்கிறார். அயல்வயற் கிழவர்களிடம், "யானை பாக்க எத்தினை தரம் எழும்புறாய்?" என்று விசாரிக்கிறாராம். அடுத்த கிளினிக்குக்கு அவருடன் மேலும் இருவர் பாலங் கடந்து வந்தனர்.