கிருமியைப் பிடிச்சா போதுமா?

குழாய்த் தண்ணீர் குடித்து 7 பேர் பலி! சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தனர். கனடாவில், ஒன்டாரியோ மாகாணம் வாக்கர்ட்டன் ஊரில், 2000-ம் ஆண்டு மே மாதம் நடந்த கொடுமை இது.

மரபணுச் சோதனை துப்புக் கொடுத்தது. நோயாளிகளிடம் இருந்த ஈ.கோலை கிருமியும், 5-ம் எண் கிணற்றுக்குப் பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணக் கிருமியும் ஒரே ரகம்! பெருமழையில் சாணம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

அப்போ குற்றவாளி மாட்டுக்காரரா? இல்லை! அவர் முறைப்படிதான் எரு போட்டார் என்றது, 2002-ல் வந்த நீதிபதி ஓகானர் அறிக்கை. குளோரினை ஒழுங்காகப் போடாமல் பொய்க் கணக்கு எழுதியவர்கள் குடிநீர் ஊழியர்கள். தட்டிக்கேட்க வேண்டிய அரசும் கோட்டை விட்டது!

கிருமி வந்த வழியை மரபணு காட்டும். வழிவிட்ட ஆளைக் காட்டாது. அதுக்குக் குளோரின் கணக்கு நோட்டைப் புரட்டணும். சாவு விழுந்த பிறகு அல்ல, தினமும்!