நந்தனுக்கு உருகும் சபாக்கள்

தமிழில் ஓபரா உண்டா என்று யாராவது கேட்டால் மயிலாப்பூர்க்காரர்கள் தயங்காமல் சொல்லக்கூடிய பெயர், கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’. நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த பாரதியின் இந்த நூல், 1860-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் காரைக்காலில் அச்சேறியது. இலக்கணப் பிழைகள் இருப்பதாகச் சொல்லி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தராமல் நாள் கடத்தினார். கடைசியில் பாரதியே பாடக் கேட்டு உருகிப்போய்க் கொடுத்தார் என்பது உ.வே.சா. சொல்லும் கதை.

சேக்கிழாரின் நந்தனாருக்குப் பண்ணையார் கிடையாது. வேதியர் என்ற நிலக்கிழாரைப் பாரதிதான் உள்ளே கொண்டுவந்தார். பண்ணையாள் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. கூலியும் நிலமும் அதிகாரமும் பக்திக் கதைக்குள் நுழைந்த இடம் அது. அந்தக் காலத்துக்கு அது சின்னத் துணிச்சல் இல்லை. ஆனால் முடிவு பழைய முடிவுதான்: தில்லையில் தீ மூட்டப்படுகிறது, நந்தன் இறங்குகிறான், முனிவராக வெளியே வருகிறான். சாம்பல் என்ற பேச்சே இல்லை.

பிறகு சினிமா. 1935-இல் நந்தனாராக நடிக்க கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். 1942-இல் ஜெமினி தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தது.

சபாக்கள் செய்தது வேறு. கதையைக் கழற்றிவிட்டுக் கீர்த்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டன. இன்று மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ கேட்கிற ரசிகருக்கு, உள்ளே வரலாமா என்று ஒருவன் வெளியில் நின்று கேட்கிற கட்டம் அது என்பது தெரியாமல் இல்லை. வித்வான் கண்ணை மூடி கீழ்ஸ்தாயியில் இழைக்கும்போது முன்வரிசையில் தலைகள் மெல்ல ஆடுகின்றன, ஓரிருவர் கண்களைத் துடைத்துக்கொள்கிறார்கள். பாட்டு முடிகிறது; அடுத்தது தில்லானா. கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாத ஏற்பாடு இது.

1968 டிசம்பர் 25 இரவு கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் எரிந்த நெருப்பிலிருந்து முனிவர் யாரும் எழுந்துவரவில்லை. நெற்கூலியைக் கொஞ்சம் உயர்த்தக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரிக்குள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் புகுந்தார்கள். உயிர் பிழைக்க ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குக் கீழ்நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலனும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியது.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். மியூசிக் அகாடமியின் இசைவிழா டிசம்பர் நடுவில் தொடங்கிப் புத்தாண்டு வரை நடக்கும். தி.நகர் வாணி மகாலிலும் அதே நாள்களில் காலை முதல் கச்சேரிதான். வெண்மணி நினைவு நாள் ஆண்டுதோறும் சரியாக சீசனின் உச்சியில் வருகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சபா உலகம் அதற்கென்று பெயர் சொல்லும்படி ஒரு படைப்பைத் தரவில்லை.

வெண்மணிக்குப் பாட்டே இல்லை என்று அர்த்தமில்லை. இன்குலாபின் ‘மனுசங்கடா’ அந்தக் கோபத்தில் பிறந்ததுதான், கே.ஏ. குணசேகரன் குரலில் அது ஊர் ஊராகப் போனது. இன்குலாப் பேராசிரியராக இருந்த ராயப்பேட்டை புதுக்கல்லூரியிலிருந்து அகாடமிக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பாட்டுக்குத்தான் வழி கிடைக்கவில்லை. 2020-இல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்று தனி மேடையே போட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 2019-இல் கிளிம்மர்கிளாஸ் விழாவில் அரங்கேறிய ‘புளூ’ என்ற ஓபரா இங்கே பாடமாகக் கூடியது. இசை ஜனீன் டெசோரி, எழுத்து டாஸ்வெல் தாம்சன். கறுப்பினப் போலீஸ்காரர் ஒருவரின் மகன், போராட்டம் ஒன்றில் இன்னொரு போலீஸ்காரரால் சுட்டுக்கொல்லப்படுகிறான். பாத்திரங்களுக்குப் பெயரே கிடையாது: அப்பா, அம்மா, மகன், அவ்வளவுதான். கொலை மேடையில் நடப்பதில்லை. முதல் அங்கத்தில் அப்பனும் பிள்ளையும் சண்டை போடுகிறார்கள்; இரண்டாம் அங்கம் திறக்கும்போது பிள்ளை இல்லை. கண்ணீருக்கு வசதியான காட்சியை மறுத்துவிட்டு, அதன் பின்னால் வருகிற கோபத்தைப் பாடவைத்திருக்கிறார்கள். நந்தனின் தீயை நாம் அலங்காரமாகக் காட்டிப் பழகியதற்கு நேர் எதிர் இது.

தமிழில் இரண்டு நெருப்புகளையும் தொட்ட எழுத்தாளர் ஒருவர் உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவல் வெண்மணியை வைத்து எழுதப்பட்டு 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவருடைய ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீ அற்புதம் அல்ல, சதி. நாடகம் கைகூடிய அளவுக்கு நாவல் கைகூடவில்லை. பண்ணையாரின் ஆண்மைக் குறையைக் கொடுமைக்குக் காரணமாக்கியதால் கூலிப் போராட்டம் பின்னுக்குப் போய்விட்டது என்று இடதுசாரிகள் அன்றே சண்டை போட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. செத்தவர்களைவிடக் கொன்றவன் சுவாரசியமாகத் தெரிவது இத்தகைய படைப்புகளுக்கு எப்போதும் உள்ள ஆபத்து.

ஆகவே வெண்மணிக்கு ஓபரா வருமானால், நெற்கூலிப் பேச்சு அதன் முதல் காட்சியிலேயே இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் குழுப்பாடலாக்கலாம். கம்பீரமான சங்கராபரணத்தில் போட்டால் அதன் அபத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும். கூத்தும் கச்சேரியும் ஒட்டாது என்ற சாக்கு இனி செல்லாது. டி.எம். கிருஷ்ணாவும் காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தினரும் ஏற்கெனவே ஒரே மேடையில் சேர்ந்து ஆடிப் பாடியிருக்கிறார்கள். ஒப்பாரியும் பறையும் துணைக்கு வரும். ஆனால் அவற்றை அறிந்தவர்கள் பக்கவாத்தியமாக ஓரத்தில் உட்காராமல் எழுத்திலும் இசையமைப்பிலும் இருக்க வேண்டும். பட்டுக்கடையும் நகைக்கடையும் விளம்பரம் தருமா என்பது சபா செயலாளர்களின் கவலை. எழுதுகிறவருக்கு வேண்டியது பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படத்தில் இருக்கிறது: அந்த இரவைக் கண்டவர்கள் தங்கள் வாயாலேயே அதில் பேசுகிறார்கள்.