விரல் நுனி மடங்குகிறதா?

தேங்காயைக் கத்தியால் நெம்பும்போது வழுக்கி, விரலின் உள்பக்கம் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. பக்கத்து கிளினிக்கில் இரண்டு தையல், ஒரு டி.டி. ஊசி. பத்து நாளில் காயம் ஆறிவிடுகிறது. விரல் மட்டும் மடங்க மறுக்கிறது. “நரம்பு கட் ஆயிடுச்சு” என்பார்கள் வீட்டில். விரலை மடக்கவிடாமல் செய்தது நரம்பல்ல, அறுந்துபோன தசைநாண்.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோல வரும் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. கட்டை விரலுக்கு ஒன்று. மற்ற விரல்களுக்கு இரண்டிரண்டு. ஒன்று நடு மூட்டுக்கு, இன்னொன்று நுனி மூட்டுக்கு. முழுதாக அறுந்தால் ஒரு முனை உள்ளங்கைப் பக்கம் ஓடிவிடும். தானாக வந்து ஒட்டாது.

அதனால், விரலின் உள்பக்கம் சின்ன வெட்டு என்றாலும் காபிப் பொடியைத் தேடாதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றதும் நுனியை மெதுவாக மடக்கிப் பாருங்கள். மடங்கவில்லை, அல்லது மரத்துப்போயிருக்கிறது என்றால் கை அறுவை சிகிச்சை தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும். சில நாட்களுக்குள் தைத்துவிடுவது நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை இரண்டு நாண்களும் ஒரே குறுகிய உறைக்குள் நெருக்கியடித்து ஓடுகின்றன. அங்கே தைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, அமெரிக்க நிபுணர் ஸ்டெர்லிங் பன்னெல் அதைப் போர்முனையின் ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்றார். தோலை மட்டும் மூடிவிட்டு, பிறகு வேறு நாணை ஒட்டவைப்பதே அன்றைய வழக்கம். 1960-களில் ஹரால்ட் கிளைனர்ட் குழுவினர் அங்கேயும் உடனே தைக்கலாம் என்று காட்டினார்கள்.

இப்போது நாணுக்குள் நான்கு அல்லது ஆறு இழைகள் குறுக்கே போகும்படி தைத்து, விளிம்பைச் சுற்றி மெல்லிய இழையோட்டமும் போடுகிறார்கள். எனக்குப் பிடித்த முன்னேற்றம், கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறை. மயக்கம் கிடையாது, கையை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். தைத்ததும், “மடக்குங்க பார்ப்போம்” என்று நோயாளியிடமே கேட்கிறார்கள். தையல் பிளந்தாலோ, எங்காவது சிக்கினாலோ மேஜையிலேயே சரிசெய்துவிடலாம்.

மிச்சம் பாதி வேலை நம்முடையது. அசைக்காமல் வைத்தால் நாண் ஒட்டிக்கொள்ளும். அதிகம் அசைத்தால் அறுந்துவிடும். எனவே, சில நாட்களிலேயே பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்குப் பயிற்சி, சுமார் 6 வாரம் கையின் பின்பக்கம் ஸ்ப்ளின்ட். “நல்லாத்தானே மடங்குது” என்று நடுவில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது. கனமான வேலைக்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும்.

ரொம்பத் தாமதமாகப் போனால், பல நேரம் இரண்டு அறுவை சிகிச்சைகள். முதலில் ஒரு சிலிக்கான் குழாயை வைத்துப் பாதை உண்டாக்குவார்கள். சில மாதம் கழித்து அதில் வேறொரு நாணைப் பொருத்துவார்கள். அதை அநேகமாக மணிக்கட்டிலிருந்தே எடுக்கிறார்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் புடைத்து நிற்குமே, அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. அவர்களுக்குக் காலிலிருந்து எடுப்பார்கள்.