சைலன்சர் சத்தமும் சாரதியின் தலையிடியும்

நமது வியாபாரிகள் விநியோக வானுக்கு டயர் மாற்றுவார்கள், ஒயில் மாற்றுவார்கள். சைலன்சரை மட்டும் திரும்பியும் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனது பெற்றோல் வானின் புகைக் குழாய் துருப்பிடித்து இருக்கைக்குக் கீழே ஓட்டையாகியிருந்தது. வெறும் சத்தம்தானே என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். சாரதித் தம்பி தலையிடி என்றபோதும் வெயில் என்றே நினைத்தேன். கராஜில் தூக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. புகையோடு வரும் காபனோரொட்சைட்டு நிறமோ மணமோ இல்லாத நஞ்சு. கண்ணாடியை மூடி ஏ.சி. போட்டு ஓடினால் உள்ளேயே தங்கிவிடும்.

கடைக்குக் கடை நின்று போகும் வான்களில் துரு விரைவாகப் பிடிக்கும். குழாய் நன்கு சூடாகுமுன் புகையிலுள்ள நீராவி தண்ணீராகி அங்கேயே தேங்குவதுதான் காரணம். ஆகவே வருடாந்தப் பரிசோதனை வரும்வரை காத்திருப்பது தவறு என்பேன்.

கன்வேட்டரைக் கழற்றித் தந்தால் நல்ல விலை தருவதாகவும் கராஜ்காரர் சொன்னார். உள்ளே பிளாட்டினம், பலேடியம் இருப்பதால் வந்த அன்பு அது! நஞ்சைக் காபனீரொட்சைட்டாக மாற்றுவதே அந்தப் பாகம்தான். அதை விற்றுவிட்டு, 2008இல் ஆரம்பித்த புகைப் பரிசோதனையில் தோற்றால் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. மறுத்துவிட்டேன்.

ஓட்டைத் துண்டை வெட்டி வெல்டிங் செய்த செலவு ஒருநாள் இலாபத்திலும் குறைவு. தம்பியிடம் மன்னிப்பும் கேட்டேன்.