கண்ணுக்குத் தெரியாத ஒளியும் கண்ணுக்குத் தெரியாத தோஷமும்

நமது சேலம், நாமக்கல் பக்கங்களில் ஜோசியர்களும் புராணப் பிரசங்கிகளும் இப்பொழுது ஒரு புது வாதம் பேசுகிறார்கள். "கண்ணால் காணாததை நம்பமாட்டோம் என்கிற பகுத்தறிவுக்காரர்களே! கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருப்பதாக விஞ்ஞானிகளே சொல்லுகிறார்களே. அதை நம்புகிற நீங்கள் கிரகதோஷத்தை மாத்திரம் ஏன் நம்பக்கூடாது?" என்பதுதான் அது. கேட்பதற்கு வெகு கெட்டிக்காரத்தனமாய்த் தோன்றலாம். இதன் யோக்கியதை என்ன என்று பார்ப்போம்.

கண்ணால் கண்டதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று நாம் ஒருகாலும் சொன்னதில்லை. காற்றைக் கண்ணால் கண்டவர் யார்? எதையும் சோதித்துப் பார், சோதனைக்கு நின்றால் ஒப்புக்கொள் என்பதே நாம் சொல்லுவது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கு இரவில் போய்ப் பாருங்கள். பாகை இறக்கி, நெருப்பு அணைந்து, அடுப்பு இருட்டாய்ப் போன பின்பும் அதன் வாய்க்கு எதிரே கையை நீட்டினால் சுடுகிறது. அந்தச் சூட்டைக் கைக்குக் கொண்டுவருவதுதான் அகச்சிவப்புக் கதிர். அதாவது சிவப்பு நிறத்துக்கு அப்பால் நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. 1800-ல் வில்லியம் ஹெர்ஷெல் என்பவர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறம் நிறமாய்ப் பிரித்து, சிவப்புக்கு வெளியே ஒன்றும் தெரியாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். உஷ்ணம் ஏறிற்று. அதற்காக அவர் மந்திரம் ஜெபிக்கவுமில்லை, விரதமிருக்கவுமில்லை. எந்த ஜாதியான் வைத்தாலும் அது ஏறும்.

இக்கதிர் வானத்தைப்பற்றி என்ன சொல்லிற்று? இரவில் தெரியும் பால்வீதியை ஆகாய கங்கை என்றார்கள் புராணிகர்கள். அதுவோ கோடானுகோடி சூரியர்கள் அடங்கிய ஒரு நட்சத்திர மண்டலம். அதில் கருப்பாய்த் தெரியும் இடங்கள் தூசி மேகங்கள். உள்ளே பிறக்கும் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அத்தூசி விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்பாய்த் திருப்பி வெளியிடுகிறது. 1983-ல் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று தேசத்தாரும் சேர்ந்து அனுப்பிய ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் வானத்தைத் துழாவியபோது, கண்ணுக்கு மங்கலான சில மண்டலங்கள் அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரிவது தெரிந்தது. ஆர்ப் 220 என்பது அவற்றில் ஒன்று. சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு மண்டலங்கள் மோதிக் கலக்கும் இடம் அது. அதன் அகச்சிவப்பு ஒளி ஒரு லட்சம் கோடி சூரியர்களின் ஒளிக்கு மேற்பட்டது. 2021 டிசம்பர் 25-ந் தேதி ஏவப்பட்ட வெப் தொலைநோக்கியோ, 1,300 கோடி வருஷங்களுக்கு முன் புறப்பட்ட ஒளியையும் பிடித்துவிட்டது. பிரபஞ்சம் விரிவதால் அவ்வொளியின் அலை நீண்டு, அகச்சிவப்பாய் வந்து சேருகிறது.

இது அந்நியர் வித்தை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியைப் பலூனில் கட்டி, ஐதராபாத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களை அளந்தார்கள். அது கொல்லிமலையைப்போல் 20 மடங்குக்கு மேற்பட்ட உயரம். காற்றிலுள்ள நீராவி இக்கதிரை விழுங்கிவிடுவதால்தான் அவ்வளவு பாடு.

நிற்க, ஜோசியர் காட்டிப் பயமுறுத்துகிற செவ்வாயும் அகச்சிவப்பை வீசிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அளந்து, அங்கே சராசரி உஷ்ணம் பனிக்கட்டியின் நிலைக்கும் வெகு கீழே என்று கண்டாகிவிட்டது. அதில் மாங்கல்ய தோஷம் எந்தக் கருவியில், எத்தனை டிகிரி ஏறிற்று? ஜோசியர் காட்டட்டும், நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். கருவியுமில்லை, கணக்குமில்லை, பரிகாரத்துக்குப் பணம் மாத்திரம் உண்டு என்றால் இதற்கு என்ன பெயர்?

25 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள சூட்டை அளக்கிற காலத்தில், படித்து வேலை பார்க்கிற பெண்ணைக்கூட ஒரு கட்டத்தில் எழுதிய "செ" என்ற எழுத்துக்காகக் கல்யாணமின்றி வீட்டில் வைத்திருப்பது மானமுள்ள மக்களுக்கு அழகா? பெண்ணைப் பெற்ற தோழர்களே! ஜாதகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பெண்ணுக்கும் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். அது ஒன்றுதான் நீங்கள் பார்க்கவேண்டிய பொருத்தம்.