கஞ்சாவும் மருந்துச்சாலையும்

கஞ்சா என்னும் சொல்லை வகுப்பறையில் உச்சரித்தால் மாணாக்கர் நகைப்பர். கடல்வழியே வந்து பிடிபடும் 'கேரளக் கஞ்சா' மூடைகளைப் பற்றிய செய்தியே அவர்கள் அறிந்தது. ஆயின் அதே செடியைச் சித்த மருத்துவர் கோரக்கர் மூலி என்பர். வடநூலார் விசயை என்பர். மருத்துவன் இட்ட பெயர் ஒன்று. காவலன் அறிந்த பெயர் வேறொன்று.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மீரிகமையில் 64 ஏக்கர் நிலத்திலே ஏற்றுமதிக்கென இச்செடியைப் பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு அரசு இசைவளித்ததென்ற செய்தி வெளிவந்தது. விளைவதில் ஓர் இலையேனும் உள்நாட்டுச் சந்தைக்கு வரலாகாது என்பது நிபந்தனை. அதனைப் படித்த அயலவர் ஒருவர், திருக்கோணமலைத் துறைமுகத்தில் நெடுங்காலம் சுமை ஏற்றி நரம்பு நோவுற்றவர், என்னிடம் வந்து, "பண்டிதர் ஐயா, பிறநாட்டார் நோவுக்கு நம் மண்ணில் மருந்து விளையுமாம், என் நோவுக்கு?" என்றார். விடை அறியாத யான் அவரை உள்ளூராட்சி மன்றம் நடத்தும் இலவச மருந்துச்சாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். வைத்தியர் அலமாரியைத் திறந்து காட்டினார். தைலமும் சூரணமும் இருந்தன. "நீங்கள் கேட்பது ஏட்டில் உண்டு ஐயா, இங்கே இல்லை" என்றார்.

சட்டம் முற்றாக மறுக்கவில்லை என்பதே வியப்பு. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடுத்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமோ, சித்தமும் யுனானியும் உள்ளிட்ட சுதேச வைத்தியத்தில் அதனை மருந்தாக ஆள ஒரு வாயில் திறந்து வைத்தது. அவ்வாயிலின் திறவுகோல் கொழும்பில் இருக்கிறது. வழக்கு முடிந்த கஞ்சாவே ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு மூலப்பொருளாக ஒப்படைக்கப்பட்டு வந்தது. சான்றுப்பொருளாய் ஆண்டுக்கணக்கில் கிடந்து வீரியம் இழந்த சருகு! கள்வன் கடத்தினால்தான் நோயாளிக்கு மருந்தா?

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சுதேச வைத்தியசாலைகளை மாகாண சபைக்கு உரியன ஆக்கிற்று. கட்டடமும் வைத்தியர் நியமனமும் இங்கே. இந்த ஒரு மூலிகை பற்றிய முடிவு மட்டும் அங்கே.

அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. 1996இல் மக்கள் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவுக்கு இடங்கொடுத்தனர். நகரங்கள் பலவோ தம் எல்லைக்குள் விற்பனைச்சாலை கூடாதெனத் தடுத்தன. ரிவர்சைடு நகரின் தடை செல்லுமென 2013 மே மாதத்தில் அம்மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் ஊரில் கிடையாத நோயாளி அடுத்த நகரை நாடவேண்டியதாயிற்று.

நகரத்தார் அச்சத்தை யான் எள்ளமாட்டேன். பள்ளி மதிலோரம் புகைத்துக் கெட்ட பிள்ளைகளைக் கண்டவன் யான். மருந்துச்சாலை பள்ளிக்கு எத்தனை தொலைவில் இருக்கவேண்டும், எந்நேரம் திறக்கவேண்டும், கணக்கேட்டை யார் பார்க்கவேண்டும் என்பன உள்ளூர் மன்றமே தீர்க்கவேண்டியவை. மருந்தே வேண்டாமெனும் உரிமை அதற்கு இல்லை; அது வைத்தியனுக்கும் நோயாளிக்கும் இடைப்பட்டது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழுவும் 2020 டிசம்பரில், 27க்கு 25 என்ற வாக்குகளால், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையினின்று நீக்கியது. இரண்டே வாக்கு வேறுபாடு. உலகமே ஐயுறவில்தான் நிற்கிறது.

மாகாண சபைத் தேர்தலோ 2014க்குப் பின் பல்லாண்டு நடைபெறவில்லை. யாரிடம் விண்ணப்பிப்பது என்று கேட்ட அயலவருக்கு, ஆயுர்வேத ஆணையாளர்க்கு மடல் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருந்துச்சாலையில் தந்த தைலத்தையே இரவில் பூசிக்கொள்கிறார்.